சாட்சிகளைத் தேடி – 17: எருக்குழிக் கடிதம்

விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை யோவான் சுவிசேஷத்தின் மிகப் பழைய பிரதிகளில் ஏன் இல்லை என்று இந்த வாரம் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போகிறது. போன வாரம் கடைசிப் பத்தியில் தலைகாட்டிய மான்செஸ்டர் துண்டு இந்த வாரத்தை முழுதாக எடுத்துக்கொண்டது. காரணம், எகிப்தில் ஒரு பண்ணைக்காரர் தன் ஆளுக்கு எழுதிய கடிதம்.

துண்டை நினைவிருக்கும். பி52 என்பது ஆய்வாளர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர். பாப்பிரஸ் தாள், உயரம் 8.9 செ.மீ., அகலம் 6 செ.மீ. பக்கத்துக்கு ஏழு வரிகள், ஒரு வரிகூட முழுசாக இல்லை. முன்பக்கத்தில் யோவான் 18:31–33, பின்பக்கத்தில் 18:37–38. பிலாத்துவின் முன் நடந்த விசாரணை. இயேசு தாம் உலகத்தில் வந்ததன் நோக்கத்தைச் சொல்லும் இடமும் அதில் பாதி எழுத்துகளாக நிற்கிறது.

1920-இல் எகிப்தில் வாங்கிய பாப்பிரஸ் குவியலோடு இது மான்செஸ்டரின் ரைலண்ட்ஸ் நூலகத்துக்கு வந்தது. வாங்கியவர் ஆக்ஸ்ஃபோர்டின் பெர்னார்ட் கிரென்ஃபெல். பதினான்கு ஆண்டுகள் யாரும் இன்னதென்று அறியாமல் கிடந்தது. 1934-இல் காலின் ராபர்ட்ஸ் என்ற இளம் ஆய்வாளர் வகைபிரிக்காத துண்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது இதன் வரிகளை அடையாளம் கண்டார். அடுத்த ஆண்டே சிறு நூலாக வெளியிட்டார். இரண்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுதப்பட்டது என்பது அவர் முடிவு.

துண்டில் தேதி கிடையாது. பிறகு எப்படிச் சொன்னார்? இந்தக் கேள்விதான் என்னை அந்தப் பண்ணைக்காரரிடம் கொண்டுபோய் விட்டது.

அந்தக் காலத்தில் சுவிசேஷமோ காவியமோ நாடகமோ படி எடுத்தவர்கள் தேதி போடுவதில்லை. ஆனால் கடன் பத்திரம், வரி ரசீது, குத்தகை ஒப்பந்தம், வீட்டுக் கடிதம் போன்றவற்றில் இன்ன பேரரசரின் இத்தனையாவது ஆட்சியாண்டு என்று எழுதிவிடுவார்கள். ஆகவே தேதியில்லாத பிரதியின் எழுத்து வடிவத்தைத் தேதியுள்ள தாள்களோடு ஒப்பிடுவார்கள். வளைவு எப்படி, கோடு எங்கே முடிகிறது, எழுத்தோடு எழுத்து எங்கே ஒட்டுகிறது என்று பார்த்துப் பார்த்து, இன்ன காலத்துக் கை என்று முடிவுக்கு வருவார்கள். ராபர்ட்ஸ் அப்படி எடுத்து வைத்த தாள்களில் ஒன்றுதான் ஃபாயூம் 110 எனப்படும் கடிதம். பேரரசர் டொமிஷியனின் பதினான்காம் ஆண்டு, அதாவது கி.பி. 94.

எழுதியவர் லூக்கியஸ் பெல்லேனஸ் கெமெல்லஸ். ரோமப் படையில் இருந்து ஓய்வு பெற்று, ஃபாயூம் பகுதியில் நிலம் நீச்சு என்று வாழ்ந்தவர். கடிதம் எபாகதஸ் என்ற அவருடைய ஆளுக்கு. என்ன எழுதுகிறார்? எருவை அள்ளிக் குவி. செக்கைச் சுற்றிப் பள்ளம் தோண்டு, கண்டவன் எளிதில் உள்ளே நுழையக்கூடாது. ஒலிவத் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சு. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார். இதை எழுத்தர் ஒருவர் அழகான கையில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த அழகான கைதான் ராபர்ட்ஸுக்குப் பயன்பட்டது.

ஒன்றைப் படித்தபின் நிறுத்த முடியவில்லை. கெமெல்லஸின் மற்றக் கடிதங்களையும் தேடிப் படித்தேன். ஒன்றில் பிறந்தநாள் விருந்துக்கு மீன் அனுப்பச் சொல்கிறார். இன்னொன்றில் எபாகதஸை வாங்கு வாங்கென்று வாங்குகிறார்: வழியில் ஓய்வில்லாமல் ஓட்டிப்போனதால் இரண்டு பன்றிக்குட்டிகள் செத்துவிட்டன. முதல் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள். சபைகள் சுவிசேஷங்களைப் படி எடுத்துக் கை மாற்றிக்கொண்டிருந்த அதே உலகத்தில், பன்றிக்குட்டிக்காக ஒரு கிழவர் கொதித்துக்கொண்டிருக்கிறார். வேதாகமக் காலம் என்றாலே நாம் கற்பனை செய்யும் வெள்ளை அங்கிக் கூட்டத்தைவிட இந்த மனிதர்கள் எனக்கு அதிகம் உண்மையாகத் தெரிகிறார்கள்.

அந்தக் கடிதக் கட்டைத் தோண்டி எடுத்தவர்கள் யார் தெரியுமா? கிரென்ஃபெல்லும் அவர் தோழர் ஆர்தர் ஹன்ட்டும். 1900-இல் அச்சிட்டும் விட்டார்கள். அளவுகோலை மண்ணிலிருந்து எடுத்தவரும், அளக்கப்பட வேண்டிய துண்டை இருபது ஆண்டு கழித்துக் காசு கொடுத்து வாங்கியவரும் ஒரே ஆள். இரண்டும் ஒருநாள் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்படும் என்று அறியாமலே 1926-இல் அவர் இறந்துபோனார்.

துண்டு சொல்லும் இன்னொரு சங்கதி. இரு பக்கமும் ஒரே நூலின் தொடர்ச்சி என்பதால் இது சுருள் அல்ல, தைத்த புத்தகத்தின் ஏடு. முன்பக்கத்தின் கடைசி வரிக்கும் பின்பக்கத்தின் முதல் வரிக்கும் நடுவில் வரவேண்டிய வசனங்கள் நமக்குத் தெரியும். ஒரு வரியில் முப்பதுக்குச் சற்று மேற்பட்ட எழுத்துகள் என்று கணக்குப் போட்டால், கிழிந்துபோனவை பதினொரு வரிகள். அப்படியானால் பக்கத்துக்கு பதினெட்டு வரிகள். முழு யோவானுக்கும் சுமார் 130 பக்கங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் கந்தலிலிருந்து ஒரு புத்தகத்தையே எழுப்பிவிடுகிறார்கள்!

நம் கையிலுள்ள யோவானோடு இது ஒத்துப்போகிறதா? எழுத்துப் பிழை போன்ற சில வேறுபாடுகள் உண்டு. 37-ஆம் வசனத்தில் இருமுறை வரும் ஒரு தொடர் இரண்டாம் முறை வருவதற்கு வரியில் இடம் போதவில்லை, எழுத்தர் விட்டிருக்கலாம். மற்றபடி அதே விசாரணை, அதே வாக்கியங்கள். ஆனால் இது சில வசனங்களுக்கான சாட்சி மட்டுமே. இருபத்தொரு அதிகாரங்களுக்கும் இதைச் சாட்சிக்கு இழுப்பது முறையல்ல.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் டூபிங்கன் பேராசிரியர் ஃபெர்டினான்ட் பாவர், யோவான் சுவிசேஷம் கி.பி. 170-ஐ ஒட்டித்தான் எழுதப்பட்டது என்றார். ராபர்ட்ஸின் துண்டு வந்ததும் கிறிஸ்தவர்கள் கொண்டாடியது இயல்பே. எகிப்தில் அதற்கு முன்பே பிரதி இருந்தால், மூலநூல் அதற்குப் பின் பிறந்திருக்க முடியாது. கொண்டாட்டத்தில் ஒரு தவறும் நடந்தது. 'இரண்டாம் நூற்றாண்டின் முற்பாதி' என்பது கைமாறிக் கைமாறி 'கி.பி. 125' என்று இறுகிவிட்டது. துண்டுப்பிரசுரங்களில் அப்படித்தான் வருகிறது, பிரசங்கங்களிலும் அப்படித்தான். 2005-இல் பிரென்ட் நோங்ப்ரி என்ற ஆய்வாளர் ஒப்பீட்டுத் தாள்களை மறுபடி பரிசோதித்தார். கையெழுத்தை மட்டும் வைத்து இவ்வளவு குறுகிய காலத்துக்குள் அடைக்க முடியாது, இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியும் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கமும்கூடச் சாத்தியமே என்று எழுதினார். எழுத்தர் ஒருவர் இளமையில் பழகிய கையை முதுமை வரை எழுதுவார். ஒரு பாணி தலைமுறைகள் நீடிக்கும். அவர் எச்சரிக்கை நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். போதகர்கள் 125-ஐ விட்டுவிட வேண்டும்.

இப்படிச் சொல்வதற்குச் சில நண்பர்கள் வருத்தப்படுவார்கள். அவர்களுக்கு மாற்குவின் துண்டை நினைவூட்டுகிறேன். 2012-இல் வட கரோலினாவில் புதிய ஏற்பாட்டு ஆய்வாளர் பார்ட் எர்மனோடு நடந்த விவாதத்தில் இன்னொரு ஆய்வாளரான டேனியல் வாலஸ், முதல் நூற்றாண்டு மாற்குப் பிரதி ஒன்று கிடைத்திருக்கிறது, விரைவில் வெளியாகும் என்று அறிவித்தார். நம்பிக்கையுள்ளவர்கள் அதைப் பெரிதாகப் பரப்பினார்கள். 2018-இல் வெளியானபோது அது இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி அல்லது மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கம் என்று தெரிந்தது. வாலஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் நடந்த சேதத்தைப் பாருங்கள். மாற்குவின் முதல் அதிகாரத்துக்குக் கிடைத்த மிகப் பழைய சாட்சி, மகிழ்ந்து வரவேற்க வேண்டிய தாள், ஏமாற்றமாகப் போய்விட்டது.

சரி, இதெல்லாம் கடவுள் இருக்கிறார் என்று காட்டுகிறதா? தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து வரும் கேள்வி. காட்டவில்லை. கெமெல்லஸின் கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். அது படியின் படி அல்ல, அனுப்பப்பட்ட அதே தாள். ஓர் எழுத்து மாறவில்லை. என்றாலும் எபாகதஸ் செக்கைச் சுற்றிப் பள்ளம் தோண்டினானா என்பதை அந்தத் தாள் சொல்லாது. நூல் சேதமில்லாமல் வந்து சேர்ந்ததா என்பது ஒரு வழக்கு. அதில் சொல்லப்பட்டது நடந்ததா என்பது வேறு வழக்கு. முதல் வழக்கில் ஜெயித்துவிட்டு இரண்டாவதிலும் ஜெயித்ததாக அறிவிப்பவர்களை நான் ஏற்பதில்லை. முதல் வழக்கே தேவையில்லை என்பவர்களையும் ஏற்பதில்லை. சாட்சி சொன்னது இன்னதென்று உறுதியாகத் தெரியாமல் அது மெய்யா பொய்யா என்று எதை விசாரிப்பது?

பி52-ஐ 200 வரை தள்ளி வைத்தாலும் பாவரின் 170 பிழைப்பது கடினம். ஏறக்குறைய அதே 170-ஐ ஒட்டி தாசியான் என்பவர் நான்கு சுவிசேஷங்களையும் ஒன்றாகப் பின்னி ஒரே நூலாக்கினார். அது யோவானின் முதல் வசனத்தோடு தொடங்கியது. 180 அளவில் லியோனின் ஐரேனியஸ், சுவிசேஷம் நான்குதான், கூடவும் முடியாது குறையவும் முடியாது என்று வாதாடுகிறார். நேற்று எழுதிய நூலுக்கு இந்த இடம் கிடைக்காது. இந்த இருவரின் சாட்சிக்கு எழுத்து வளைவுகளின் துணை தேவையில்லை. தாசியானைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. அடுத்த வாரம் முதலில் அந்தப் பெண்ணின் கதை, இடமிருந்தால் அவர்.