கோல நோட்டை மறுபடியும் திறப்போம்



சேமிப்பு, கடன், வட்டி, கணக்குப் புத்தகம் என்று எத்தனையோ விஷயங்களைக் கூட்டத்தில் பேசுகிறோம். இந்த மாதம் வரவுப் பக்கத்திலும் செலவுப் பக்கத்திலும் எழுத முடியாத ஒரு விஷயத்தைப் பேசலாம். அது என்னவென்றால், நமக்கு நாமே ஆசைப்பட்டுச் செய்கிற காரியம்.

'ஒவ்வொருத்தருக்கும் ஒரு பைத்தியம்' என்று ஊரில் சொல்வார்கள். ஒருத்தருக்குப் பழைய சினிமாப் பாட்டு. எந்தப் பாட்டு எந்தப் படம், யார் பாடினது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார். இன்னொருத்தர் எந்த ஊருக்குப் போனாலும் புது விதை ஏதாவது கிடைத்தால் முந்தானையில் முடிந்துகொண்டு வருவார். ஒருத்தருக்கு மருதாணி, ஒருத்தருக்குப் பின்னல், ஒருத்தருக்குத் தாயம், பல்லாங்குழி.

இதே பைத்தியம் ஆண்களுக்கு இருந்தால் 'ரசிகர்' என்று பெயர். கிரிக்கெட்டைப் பற்றி டீக்கடையில் மணிக்கணக்காகப் பேசலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நமக்கு இருந்தால், "வேலை வெட்டி இல்லையா உனக்கு?" என்ற கேள்விதான் முதலில் வரும். அதனால் நாமே அதை மறைத்து வைத்துவிடுகிறோம். கொஞ்ச வருஷத்தில் அது நம்மிடம் இருந்ததே மறந்துபோகிறது.

இதற்கு நல்ல உதாரணம் நம் வாசலிலேயே இருக்கிறது. கோலத்தைத்தான் சொல்கிறோம்.

கடமையா, ஆசையா?

கோலம் போடுவது வீட்டு வேலைதானே, அதில் என்ன ஆசை என்று சிலர் கேட்கலாம். அதுவும் நியாயம்தான். விடியற்காலையில் வாசல் தெளித்து, அவசர அவசரமாக நாலு புள்ளி வைத்து ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடுகிறோம். அது கடமை.

ஆனால் பன்னிரண்டு, பதிமூன்று வயதில் நாம் எப்படி இருந்தோம் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கூட நோட்டில் மிச்சமிருந்த பக்கமெல்லாம் கோலம்தான். மார்கழி மாதம் வாரப் பத்திரிகையில் வந்த கோலங்களைக் கத்தரித்து ஒட்டி வைத்தோம். பக்கத்துத் தெருவில் யார் வாசலில் புதுக் கோலம் என்று காலையிலேயே ஒரு சுற்று போய்ப் பார்த்து, மனசுக்குள்ளேயே புள்ளியை எண்ணிக்கொண்டு வந்து, மறக்கும் முன்னே நோட்டில் எழுதினோம். யாரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. அது ஆசை.

கல்யாணமாகி வந்தபோது பாத்திரம் வந்தது, பீரோ வந்தது. கோல நோட்டு மட்டும் நம்மில் பலருக்குத் தாய்வீட்டுப் பரணிலேயே தங்கிவிட்டது. தொடர்ந்து வந்தது கடமை மட்டும்தான்.

கோலத்துக்குள் இருக்கும் கணக்கு

"நான் அதிகம் படிக்கலை, எனக்குக் கணக்கு வராது" என்று சொல்லும் சகோதரிகள் எல்லாக் குழுவிலும் உண்டு. அவர்கள் கையில் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்று பார்ப்போமா?

'ஏழு புள்ளி, இடைப்புள்ளி நாலு' என்று சொன்னால் நமக்கு உடனே புரிந்துவிடும். நடுவில் 7 புள்ளி. அதற்கு மேலும் கீழும் இடையில் இடையில் 6, பிறகு 5, கடைசியில் 4. மொத்தம் எத்தனை புள்ளி? கூட்டிப் பாருங்கள், 37 வரும். இதையே வேறு விதமாகவும் எண்ணலாம். நட்டநடுப் புள்ளி 1. அதைச் சுற்றி 6. அதைச் சுற்றி 12. அதைச் சுற்றி 18. இதுவும் 37தான். அடுத்த சுற்றுக்கு எத்தனை வேண்டும்? 24. ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு ஆறாகக் கூடுகிறது. இதை நமக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை. கை தானாகவே கற்றுக்கொண்டது.

இன்னும் சுவாரஸ்யமானது சிக்குக் கோலம். சில ஊரில் நெளிக் கோலம் என்றும் கம்பிக் கோலம் என்றும் சொல்வார்கள். இதில் கோடு புள்ளியைத் தொடாமல், புள்ளியைச் சுற்றிச் சுற்றி வளைந்து போகும். கடைசியில் ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேரும்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். நேர்ப்புள்ளியாக 3 வரிசை வையுங்கள், வரிசைக்கு 4 புள்ளி. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில் இருக்கும் ஒவ்வொரு சந்திலும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு குறுக்காகப் போகட்டும். ஓரத்துக்கு வந்தால் வளைந்து திரும்பட்டும். கை எடுக்காமல் இழுத்துக்கொண்டே போனால், எல்லாப் புள்ளியையும் சுற்றி ஒரே கோட்டில் கோலம் முடிந்துவிடும்.

இப்போது 3 வரிசை, வரிசைக்கு 3 புள்ளி வைத்து அதே மாதிரி போடுங்கள். பாதியிலேயே ஆரம்பித்த இடத்துக்கு வந்து நிற்பீர்கள். இன்னும் கோடு வராத இடம் மீதி இருக்கும். மறுபடி தொடங்க வேண்டும். மொத்தம் 3 தனித்தனிக் கண்ணியாகத்தான் முடியும். 4 வரிசை, வரிசைக்கு 6 புள்ளி என்றால் 2 கண்ணி.

ஏன் இப்படி? வரிசை எத்தனை, வரிசைக்குப் புள்ளி எத்தனை என்ற இரண்டு எண்ணையும் மீதியில்லாமல் வகுக்கிற பெரிய எண் எதுவோ, அத்தனை கண்ணி வரும். 4க்கும் 6க்கும் அது 2. 3க்கும் 3க்கும் அது 3. 3க்கும் 4க்கும் 1தான், அதனால் ஒரே கோடு. இதற்குப் பள்ளிப் புத்தகத்தில் 'மீப்பெரு பொதுக் காரணி' என்று பெயர். பெயரைக் கேட்டால் பயமாக இருக்கிறது. வாசலில் போட்டுப் பார்த்தால் குழந்தைக்கும் புரிகிறது.

நம் பெரியவர்களிடம் இன்னொரு வித்தையும் உண்டு. இரண்டு கண்ணிகள் வெட்டிக்கொள்ளும் ஓர் இடத்தில், வெட்டாமல் வளைத்துத் திருப்பிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். 3க்கு 3 கோலத்தில் இரண்டு இடத்தில் இப்படி மாற்றினால், மூன்று கண்ணியும் ஒரே கோடாகிவிடும். எங்கே மாற்றுவது என்று கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு. விடுகதை போடுகிற மாதிரி இதில் மணிக்கணக்கில் மூழ்கிப்போகலாம்.

பேராசிரியர்கள் கவனித்த கோலம்

நாம் 'சும்மா' என்று நினைக்கிற இந்த விஷயத்தைப் படித்தவர்கள் சும்மா விடவில்லை. சென்னை தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோன்மணி என்ற பேராசிரியர் இருந்தார். அவரும், ராணி சிரோன்மணி, கமலா கிரிதிவாசன் என்ற இரண்டு பெண் அறிஞர்களும் சேர்ந்து 1974ல் கோலத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். பேச்சுக்கு இலக்கணம் இருப்பது போல, படத்துக்கும் இலக்கணம் எழுத முடியும். அந்த விதிகளைக் கொண்டு சின்னக் கோலத்திலிருந்து பெரிய கோலத்தை உண்டாக்க முடியும் என்று காட்டினார்கள். இது கணினி அறிவியலைச் சேர்ந்த ஆராய்ச்சி.

பிறகு 2002ல் அமெரிக்காவைச் சேர்ந்த மார்சியா ஆஷர் என்ற கணித அறிஞர், நம் கோலத்தைப் பற்றி அந்நாட்டு அறிவியல் பத்திரிகை ஒன்றில் விரிவாக எழுதினார். பல்வேறு மக்களின் அன்றாட வாழ்க்கையில் இருக்கும் கணக்கைத் தேடிப் படித்தவர் அவர்.

இவ்வளவு தூரம் போன விஷயத்தைத் தினமும் வாசலில் போட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று நாம் சொல்லலாமா?

"இதனால என்ன வருமானம்?"

குழுவில் எந்தப் பேச்சை எடுத்தாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். வருமானம் நமக்குத் தேவைதான், மறுக்கவில்லை. கோலமாவு, வண்ணப்பொடி தயாரித்து விற்கிற பெண்கள் உண்டு. கோலப் போட்டியில் குடமும் தட்டும் பரிசு வாங்கியவர்கள் நம்மிலேயே பலர் உண்டு. தையல் தெரிந்தவர்கள் சிக்குக் கோலத்தை ரவிக்கையில், தலையணை உறையில் பூவேலையாகப் போட்டுக் கூடுதலாகக் கூலி கேட்கலாம். வழி இருந்தால் நல்லது.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். மாடு வளர்த்தால் வருமானம், கூடை பின்னினால் வருமானம், சமைத்தால் கேன்டீன் வருமானம் என்று கையில் தெரிந்ததையெல்லாம் விற்பனைக்கு வைத்துவிட்டால், நமக்கென்று மிச்சம் எது? காசுக்காகச் செய்யும்போது மற்றவருக்குப் பிடிக்க வேண்டும், சொன்ன நாளில் முடிக்க வேண்டும். மனசு ஆறுவதற்காகச் செய்கிற ஒரு காரியமாவது அப்படி இல்லாமல் இருக்கட்டும். விருப்பப்பட்டதை வருமானமாக்கலாம், வருமானம் வந்தால்தான் விரும்ப உரிமை உண்டு என்று யாரும் சொல்லக் கூடாது. நமக்கு நாமே சொல்லிக்கொள்ளவும் கூடாது.

தடுக்கிற பேச்சுகள்

"இந்த வயசுல உனக்கு என்னத்துக்கு இது?" என்பது ஒரு பேச்சு. கைக்கு வயது கிடையாது. நம் தெருவிலேயே நேர்க்கோடு பிசகாமல் மாவு இழுக்கிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள்தான்.

இன்னொரு பேச்சு மனசை அறுக்கும். கணவனை இழந்தவள் நல்ல நாளில் வாசலில் கோலம் போடலாமா என்று கேட்கிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. வீட்டுக்காரர் போனதோடு, முப்பது வருஷமாகப் பழகிய கையும் சும்மா இருக்க வேண்டும் என்றால் அது என்ன நியாயம்? துக்கத்தில் இருக்கிறவளுக்கு மனசு ஒன்றிச் செய்ய ஒரு வேலை வேண்டும். அதைப் பிடுங்குவது இரண்டாவது துக்கம். நம் குழுவில் அப்படி ஒரு சகோதரி இருந்தால், பொங்கலுக்கு அவரைக் கூப்பிட்டு, "அக்கா, நீங்க புள்ளி வைங்க, நாங்க கோடு இழுக்கிறோம்" என்று நாம்தான் சொல்ல வேண்டும். ஊர் மாறுவது அப்படித்தான் தொடங்கும்.

கோலம் போடும் வழக்கம் இல்லாத வீட்டுச் சகோதரிகளும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு மருதாணியோ, பாட்டோ, பின்னலோ இருக்கும. கோலத்துக்குச் சொன்னது அதற்கும் பொருந்தும்.

என்ன செய்யலாம்?

புதிதாக நேரம் ஒதுக்க நம்மால் முடியாது. மாடு கத்தும், குழந்தை அழும், பஸ் போய்விடும். அதனால் தினசரி வேலைக்குள்ளேயே வழி பார்க்க வேண்டும்.

1. வாரத்தில் ஆறு நாள் அவசரக் கோலம் போடுங்கள். ஒரே ஒரு நாள், உங்களுக்காக ஒரு கோலம் போடுங்கள். அன்றைக்குப் பத்து நிமிஷம் கூடுதல், அவ்வளவுதான்.

2. ஒரு கட்டம் போட்ட நோட்டு, ஒரு பென்சில் வாங்குங்கள். தெரிந்த கோலத்தை எழுதி, பக்கத்தில் புள்ளிக் கணக்கும் யாரிடம் கற்றது என்பதும் எழுதுங்கள். அம்மா, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா பெயரெல்லாம் அதில் வரட்டும். கடன் வாங்கிச் செய்கிற செலவு இதில் எதுவும் வேண்டாம்.

3. பிள்ளைகள் கணக்குப் பாடத்தோடு உட்காரும்போது 3க்கு 4, 4க்கு 6 கோலத்தைப் போட்டுக் காட்டுங்கள். மகளுக்கு மட்டும் இல்லாமல் மகனுக்கும் காட்டுங்கள். அம்மாவுக்கு விஷயம் தெரியும் என்று பிள்ளைகள் பார்ப்பது பெரிய காரியம்.

4. செல்போன் இருந்தால் போட்ட கோலத்தை ஒரு படம் எடுத்து வையுங்கள். மிதிபட்டு அழிந்துபோகும் வேலைக்கு ஒரு சாட்சி இருக்கும்.

5. வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். "எனக்கு இது பிடிக்கும், அதனால் போடுகிறேன்" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒளித்துச் செய்தால்தான் குற்றம் போலத் தெரியும்.

6. மாதத்தில் ஒரு கூட்டத்தில், கணக்கு முடிந்த பிறகு, ஐந்து நிமிஷம் ஒதுக்குவோம். ஒரு உறுப்பினர் தனக்குப் பிடித்த ஒன்றைக் காட்டட்டும். கோலம், பாட்டு, விதை எதுவானாலும் சரி. கிண்டல் கூடாது என்று முன்கூட்டியே தீர்மானம் போட்டுக்கொள்ளலாம்!

ஒரே குழுவில் பல வருஷம் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறோம். யார் எவ்வளவு கடன் பாக்கி என்று எல்லோருக்கும் தெரியும். யாருக்கு என்ன பிடிக்கும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அதையும் தெரிந்துகொள்வோம். அடுத்த முறை தாய்வீட்டுக்குப் போகும்போது பரண்மேல் ஒருமுறை தேடிப் பாருங்கள். நோட்டு கிடைத்தால் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். கிடைக்காவிட்டால் புது நோட்டில் முதல் புள்ளியை வையுங்கள்.