இருதயத்துக்கு உழைப்பு தரும் இயந்திரங்கள்

1953ஆம் ஆண்டில் ஜெரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் லண்டன் மாநகரப் பஸ் ஊழியர்களைப் பற்றிய ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். நாள் முழுதும் அமர்ந்தே பணிபுரிந்த ஓட்டுநர்களைவிட, இரண்டடுக்கு பஸ்ஸின் படிகளில் ஓயாது ஏறியிறங்கிய கண்டக்டர்களிடையே இருதய நாள நோய் குறைவாகக் காணப்பட்டது. அந்தப் படிகள் அளித்த உழைப்பையே இன்று உடற்பயிற்சிக் கூடங்களிலுள்ள இயந்திரங்கள் அளிக்கின்றன. அவற்றைத் தேர்ந்தெடுப்பதிலும் கையாள்வதிலும் சில விதிகள் உண்டு.

டிரெட்மில்லில் மின்மோட்டார் ஒரு பட்டையை ஓட்ட, மனிதர் அதன்மேல் நடக்கிறார். இதை வாங்குவோர், மோட்டார் ஒரு கணம் எட்டக்கூடிய உச்சக் குதிரைத் திறனைப் பார்த்து மயங்கலாகாது; இடைவிடாது தரக்கூடிய திறன் எவ்வளவு என்றே கேட்க வேண்டும். பலர் மாறிமாறிப் பயன்படுத்தும் கூடத்தில் மோட்டார் குளிர்வதற்கு ஓய்வு கிடைப்பதில்லை அல்லவா? நிலை சைக்கிளில் உடலின் பாரத்தை இருக்கை தாங்குகிறது. ஆகவே முழங்கால் வலியுள்ளோருக்கும் முதியோருக்கும் அது ஏற்றது. துடுப்பு வலிக்கும் இயந்திரம் கால், முதுகு, கை ஆகிய மூன்றுக்கும் வேலை கொடுக்கிறது. ஆனால் முதுகை வளைக்காமல் இழுக்கப் பழகுதல் அவசியம். நிதி குறைந்த சிறு கூடம், மின்சாரம் வேண்டாத சைக்கிள்கள் இரண்டை முதலில் வாங்குவது நலம்.

டிரெட்மில்லைச் சற்றே சாய்ப்பதன் பயனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் நிமிடத்துக்கு 100 மீட்டர் செல்கிறார். நூற்றுக்கு 5 சாய்வு வைத்தால், நிமிடத்துக்கு 5 மீட்டர் உயரம் ஏறுவதற்கு அது சமம். சமதளத்தில் நடக்கும் உழைப்புக்கு மேல் இதற்கு ஏறத்தாழ 57 வாட் திறன் தேவை. ஆனால் கைப்பிடியைப் பற்றித் தொங்குவோருக்கு இப்பயன் பெரிதும் குறைந்துவிடும். திரையில் தோன்றும் கலோரி எண்ணோ குறையாது! அவ்வெண்ணை மதிப்பீடாகவே கொள்ள வேண்டும்.

உழைப்பின் அளவை நாடியால் அறியலாம். 220இலிருந்து வயதைக் கழித்தால் நாடித் துடிப்பின் உச்சம் தோராயமாகக் கிடைக்கும். 40 வயதினருக்கு இது 180. இதில் நூற்றுக்கு 50 முதல் 70 வரை, அதாவது 90 முதல் 126 துடிப்பு வரை, மிதமான பயிற்சியாகும். பேச முடிந்து பாட முடியாத நிலையே இதற்கு எளிய அடையாளம். இத்தகைய பயிற்சி வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை வேண்டுமென உலகச் சுகாதார ஸ்தாபனம் 2020இல் பரிந்துரைத்தது.

பாதுகாப்பையும் மறத்தலாகாது. டிரெட்மில்லின் பின்புறம் 2 மீட்டர் இடம் வெறுமையாக இருக்க வேண்டும். தவறினால் பட்டையை நிறுத்தும் கயிற்றை உடையில் மாட்டிக்கொண்ட பின்னரே ஏற வேண்டும். குழந்தைகளை அருகில் விடலாகாது. மின்னிணைப்புக்கு எர்த் கம்பி இன்றியமையாதது. தொடக்கத்திலும் முடிவிலும் ஐந்து நிமிடம் மெதுவாக நடத்தல் வேண்டும். மார்பில் இறுக்கமோ தலைசுற்றலோ தோன்றின் உடனே நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். இருதய நோயுள்ளோர் தொடங்கும் முன்னரே அவரது யோசனையைப் பெறுதல் வேண்டும்.

லண்டன் கண்டக்டர்களுக்கு நன்மை செய்தது விலையுயர்ந்த கருவியன்று. நாள்தோறும் தவறாத உழைப்பே. எந்த இயந்திரத்தில் ஒருவர் மறுநாளும் விரும்பி ஏறுவாரோ, அதுவே அவருக்குச் சிறந்த இயந்திரம்.