தென்கரைத் தடங்கள் – 14: பூச் செதுக்கிய கை

கூடங்குளத்தைச் சுற்றியுள்ள கடற்கரையில் நேர்ச்சைக்குப் பஞ்சமில்லை. இடிந்தகரையில் லூர்து மாதா கோயில், விஜயாபதியில் விசுவாமித்திரர் பேரோடு விளங்கும் சிவன் கோயில், நம்பியாறு கடலில் சேருமிடத்தில் ஆற்றங்கரைப் பள்ளிவாசல், உவரியில் சுயம்புலிங்க சுவாமியும் அந்தோணியாரும். ஒரே வீட்டுக்காரர்கள் இதில் இரண்டு மூன்று வாசல்களில் வேண்டிக்கொள்வது இங்கே புதிய செய்தி அல்ல.

ஆனால் இந்த வாசல்களுக்குள் நுழைந்தால் கண்ணுக்குக் கிடைப்பது வேறு வேறு. மாதா கோயிலில் முடிசூடிய தாயின் முகம். சிவன் கோயில் கருவறையில் லிங்கம், தூணெல்லாம் சிற்பம். பள்ளிவாசலில் உருவம் என்று எதுவுமே இல்லை. கடவுளுக்கு முகம் வரையலாமா என்ற கேள்விக்கு மூன்று விடைகள் ஒரே கடற்கரையில் அமைதியாக இருக்கின்றன. இதே கேள்விக்காக உலகின் வேறு பக்கங்களில் படங்கள் உடைந்தன, ஆட்கள் நாடு கடத்தப்பட்டார்கள். அந்தக் காலத்துக்குள் போக, நம் பக்கத்திலேயே ஒரு சாவி இருக்கிறது.

கன்னியாகுமரியைச் சுற்றி மேற்கே திரும்பினால் கொல்லம். கி.பி. 849-இல், சேர மன்னன் தாணு ரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், அங்கே ஒரு செப்பேடு எழுதப்பட்டது. மருவான் சபீர் ஈசோ என்ற கிறித்தவர் எழுப்பிய தரிசாப்பள்ளிக்கு, வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள் நிலமும் குடிகளும் வாணிக உரிமைகளும் கொடுத்த ஆவணம் அது. வாசகம் வட்டெழுத்தில் இருக்கிறது. சாட்சிக் கையெழுத்துகள் உள்ள ஏட்டைப் பார்த்தால் வியப்பு வரும். கூஃபி அரபு எழுத்தில் முஸ்லிம்கள், இடைக்காலப் பாரசீகமான பஹ்லவியில் கிறித்தவர்களும் ஜரதுஷ்டிர மதத்தவரும், எபிரேய எழுத்தில் யூதர்கள். ஒரு கிறித்தவக் கோயிலின் உரிமைக்கு இத்தனை மதத்தவரும் சாட்சி.

இதே ஆண்டுகளில் வெளியே என்ன நடந்தது? ஆறு ஆண்டுகளுக்கு முன்புதான், 843-இல், கான்ஸ்டாண்டினோப்பிளில் உருவச் சண்டை ஓய்ந்திருந்தது. பைசாந்தியப் பேரரசர் மூன்றாம் லியோ காலத்தில் தொடங்கியது அது. இயேசுவையும் மாதாவையும் படமாக எழுதி வணங்குவது சிலை வழிபாடே என்று ஒரு தரப்பு. கடவுளே மனிதனாக வந்த பிறகு அவரை வரைவதில் என்ன பிழை என்று மறுதரப்பு. 787-இல் நிசேயாவில் கூடிய சங்கம் படங்களை ஏற்றது. 815-இல் மறுபடி தடை. 843-இல்தான் படங்கள் நிலையாகத் திரும்பின. இந்தச் சண்டைக்கு வெகு முன்பே ரோமில் ஒரு நடுவழி பேசப்பட்டிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்க்குச் சுவர்ப்படமே வேதம், அதை உடைக்கவும் வேண்டாம், வணங்கவும் வேண்டாம் என்று 600-ஐ ஒட்டியே போப் கிரிகோரி, மார்செய் நகர் ஆயருக்குக் கடிதம் எழுதியிருந்தார்.

பாக்தாதுக்கு வடக்கே, சாமர்ராவில், அப்போது கலீஃபா முதவக்கில் மாபெரும் பள்ளிவாசல் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்; அது 851-இல் முடிந்தது. இஸ்லாம் உருவத்தை விலக்கிய இடத்தில் எழுத்தையும் கொடியையும் வைத்தது. 691–92-இல் கலீஃபா அப்துல் மலிக் எருசலேமில் எழுப்பிய பாறைக் குவிமாடம் இதற்கு முதல் பெரும் சாட்சி. பொன்னும் பச்சையும் கலந்த கண்ணாடிச் சில்லுகளால் மரங்கள், கொடிகள், குடங்கள், அணிகலன்கள். ஒரு மனிதரும் இல்லை, ஒரு விலங்கும் இல்லை. மேலே கூஃபி எழுத்து வரி ஓடுகிறது. சில ஆண்டுகளில் அதே கலீஃபா தம் காசிலிருந்தும் உருவத்தை நீக்கி, இறைவாக்கைப் பொறித்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தக் கண்ணாடிச் சில்லு வேலை பைசாந்தியத் தேவாலயங்களில் பழகிய வேலை. ஸ்பெயினில் 8-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய கோர்தோபா பள்ளிவாசலில் நிற்கும் பழைய தூண்களில் பல, ரோமானியர், விசிகோத்தியர் கட்டடங்களிலிருந்து எடுத்தவை. 960-களில் அதன் மிஹ்ராபை (தொழுகைத் திசை காட்டும் மாடத்தை) அழகுபடுத்த பைசாந்தியப் பேரரசர் கைவினைஞரையும் கண்ணாடிச் சில்லுகளையும் அனுப்பினார் என்று அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். எதைச் செய்யக் கூடாது என்பதை மதம் சொன்னது. எப்படிச் செய்வது என்பதைக் கை ஏற்கெனவே அறிந்திருந்தது.

தமிழ்நாட்டில் இதைத் தொட்டுப் பார்க்கலாம். சென்னை பரங்கிமலையில், 1547-இல் தேவாலயத்துக்கு அடித்தளம் தோண்டியபோது கிடைத்த கல் சிலுவை இன்றும் அங்கே பீடத்தின் மேல் இருக்கிறது. அதில் இயேசுவின் உடல் இல்லை. கைகளின் நுனி பூமொட்டாக விரிகிறது, அடியில் இருபுறமும் இதழ்கள் சுருண்டு எழுகின்றன, மேலிருந்து ஒரு புறா இறங்குகிறது. வளைவில் பஹ்லவி எழுத்து. அந்த வளைவு எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள்: இரு தூண்களின் தலையில் உட்கார்ந்த மகரங்களிடமிருந்து. நம் கோயில் மகர தோரணத்தைச் செய்து பழகியவனின் உளி அது. பாரசீகத் திருச்சபையின் சிலுவை, தென்னாட்டுக் கல்தச்சனின் வேலை.

மறுபடி தென்கரைக்குத் திரும்பி, தாமிரபரணி முகத்துவாரத்தை ஒட்டிய காயல்பட்டினத்துக்கும், அதற்கு வடக்கே கீழக்கரைக்கும் போனால் இந்தக் கதை இன்னும் விரிகிறது. அங்குள்ள கல் பள்ளிவாசல்கள் தரிசாப்பள்ளிக்குப் பல நூற்றாண்டு பிந்தியவை. ஆனால் வழி அதேதான். உயர்ந்த அதிட்டானம் (அடிப்பீடம்), வரிசையாகக் கல் தூண்கள், மேலே போதிகை (தூண்தலைத் தாங்கி), கல் பாவிய தட்டைக் கூரை. எல்லாம் கோயில் மண்டப இலக்கணம். ஒரு தூணின் முன் நின்று மேலிருந்து கீழே பாருங்கள். சதுரம், எட்டுப்பட்டை, மறுபடி சதுரம். கோயிலில் அந்தச் சதுரத்தில் ஒரு தெய்வமோ அடியவரோ யாளியோ இருக்கும். பள்ளியில் அதே சதுரத்தில் தாமரையோ கொடியோ கோலம் போன்ற பின்னலோ இருக்கும். போதிகையின் பூமுனை அப்படியே தொங்குகிறது. சிற்பிக்கு யாரும் புது வேலை கற்றுக்கொடுக்கவில்லை. உருவம் தவிர்த்து மற்றதைச் செய் என்றார்கள், அவர் செய்தார்.

அரசும் சமூகமும் இதற்கு இடம் கொடுத்தன. பவித்திரமாணிக்கப்பட்டினம் என்ற ஊரின் சோனகர் (முஸ்லிம்) பள்ளிக்கு இறையிலி (வரியில்லா) நிலம் விட்டதைச் சொல்லும் 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு இருப்பது திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில். ஒரு பள்ளிவாசலின் சொத்துப் பத்திரத்தைப் பெருமாள் கோயில் காத்து வைத்திருக்கிறது.

இதை வெறும் நல்லிணக்கப் பேச்சாக நான் சொல்லவில்லை. மதங்கள் ஒன்றே என்று இந்தக் கற்கள் சொல்வதும் இல்லை. உருவம் கூடாது என்றவர்கள் அதில் உறுதியாகவே இருந்தார்கள். அந்த உறுதியை மதித்து வேலை செய்த சிற்பியும் தன் கலையில் ஒரு துளி குறைக்கவில்லை. வேறுபாட்டை வைத்துக்கொண்டே சேர்ந்து கட்ட முடியும் என்பதற்கு இதைவிட உறுதியான சான்று நம்மிடம் இல்லை.

அதனால்தான் மனம் பதைக்கிறது. விரிவாக்கம், திருப்பணி, புதுப்பித்தல் என்ற பெயர்களில் ஊர் ஊராகப் பழைய கல் தூண்கள் பெயிண்டுக்குள்ளும் டைல்ஸுக்குள்ளும் மறைகின்றன. எழுத்துள்ள கல் படிக்கட்டாகிறது. ஜமாஅத்தாருக்கும் பங்கு மக்களுக்கும் கோயில் நிர்வாகத்தாருக்கும் வேண்டுகோள் இதுதான்: கூட்டம் பெருகினால் பக்கத்தில் புதிதாகக் கட்டுங்கள், பழைய கல்லை இடிக்காதீர்கள். வேலை தொடங்குமுன் ஒவ்வொரு தூணையும் படமெடுங்கள். எழுத்து தென்பட்டால் தொல்லியல் துறையை அழைத்துப் படியெடுக்கச் சொல்லுங்கள். சுண்ணாம்பைச் சுரண்டினால் போகும். மணல்வீச்சு இயந்திரத்தால் தேய்த்த செதுக்கு திரும்ப வராது.

அடுத்த வாரம்: பாண்டியர் குடைந்து, முடிக்காமல் விட்ட கழுகுமலை வெட்டுவான் கோயில்.