எந்த நொடியில் அடுத்த கியர்?

ஸ்ரீ விஜயபுரம் என்று இன்று பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேரில், எங்கள் கிளைக்கு வந்த இளைஞர் ஒருவர் வாகனக் கடன் விண்ணப்பத்தை மேசைமீது வைத்துவிட்டுச் சற்றுத் தயங்கி நின்றார். சென்னையில் ஒருவர் பயன்படுத்திய, இரண்டே இருக்கைகள் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிக் கப்பலில் கொண்டுவர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கையால் கியர் மாற்றி ஓட்டும் வண்டி அது. “சார், ஒரு சந்தேகம். இந்தத் தீவில் ஐந்தாவது கியரை எங்கே போடுவது?” என்று கேட்டார்.

நகைச்சுவையாகக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்பது எனக்கு விளங்கவில்லை. ஆயினும் கேள்வி நல்ல கேள்வி. நம் வாடிக்கையாளர்கள் பலர் ஆண்டுதோறும் கார் வாங்குகிறார்கள். வட்டி விகிதத்தைப் பற்றி ஒரு மணி நேரம் விவாதிப்பவர்களும், அந்தக் காரின் கியரை எப்போது மாற்றுவது என்பதை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கேட்ட இரண்டு வாக்கியங்களோடு விட்டுவிடுகிறார்கள். “இருபதில் இரண்டாவது, முப்பதில் மூன்றாவது, நாற்பதில் நான்காவது” என்னும் அந்தப் பாடம் சமதரையில் சிறிய காருக்குப் பொருந்தும். ஸ்போர்ட்ஸ் காருக்குப் பொருந்தாது. அந்தமானின் மேடு பள்ளங்களில் எந்தக் காருக்கும் முழுமையாகப் பொருந்தாது.

கியர் என்பது ஒரு பரிமாற்றம். முதல் கியரின் விகிதம் 3.5 என்றால், எஞ்சின் மூன்றரை முறை சுற்றும்போது கியர்பெட்டியின் வெளித்தண்டு ஒரு முறை சுற்றுகிறது. வேகம் குறைகிறது, அதே அளவு முறுக்குவிசை கூடுகிறது. மேல் கியருக்குச் செல்லச் செல்ல முறுக்குவிசையைக் கொடுத்து வேகத்தை வாங்குகிறோம். எஞ்சினோ எல்லாச் சுழற்சியிலும் ஒரே விசையைத் தருவதில்லை. மெதுவாகச் சுழலும்போது திணறுகிறது; நடுவில் ஓரிடத்தில் அதன் முறுக்குவிசை உச்சத்தை அடைகிறது; அதற்குப் பின் சுழற்சி ஏற ஏற விசை தளர்கிறது. ஆனால் திறன் என்பது விசையையும் சுழற்சியையும் பெருக்கிய அளவு. ஆகவே விசை தளரத் தொடங்கிய பின்னரும் திறன் சிறிது தூரம் ஏறிக்கொண்டே போய், சிவப்புக் கோட்டுக்கு அருகில்தான் உச்சம் தொடும்.

நான் சென்னையில் பி.காம். படித்த நாட்களில், திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திற்கு நண்பர்களோடு செல்வதுண்டு. பார்வையாளர் பகுதியிலிருந்து கார்கள் சரியாகத் தெரியாது. காது மட்டுமே துணை. நேர்ப்பாதையில் ஒவ்வொரு காரும் ஒரே சுருதிவரை ஏறி, சட்டென்று இறங்கி, மீண்டும் அதே சுருதிவரை ஏறும். அந்தச் சுருதி எப்போதும் எஞ்சினின் உச்ச எல்லைக்கு மிக அருகில் இருக்கும். நம் நாட்டில் பலருக்கு இந்தக் காதுப்பயிற்சியைக் கொடுத்தது, கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ்.கரிவரதன் வடிவமைத்த ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார். மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்சின்தான் அதற்கு உயிர். பெரிய திறன் எதுவும் இல்லை. திறன் குறைந்த காரில் ஒரு கியரைத் தவறான நொடியில் மாற்றினால், இழந்த வேகத்தை மீட்க அந்த நேர்ப்பாதை முழுவதும் போதாது. கோவையின் நரேன் கார்த்திகேயன் தம் பந்தய வாழ்வைத் தொடங்கியதும் அந்தக் காரில்தான். 2005இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரானபோது, அவருடைய காரில் கிளட்ச் மிதியில் கால் வைத்துக் கியர் மாற்றும் வேலையே இல்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் இழுக்கும் சிறு நெம்புகோல் வந்துவிட்டது. அந்த ஏற்பாட்டை 1989இல் ஃபெராரி அணி தொடங்கிவைத்தது. ஆனாலும் எந்த நொடியில் மாற்றுவது என்னும் கணக்கு மாறவில்லை.

வணிகவியல் படித்தவனுக்கு அந்தக் கணக்கு புதிதன்று. அது சமநிலைப் புள்ளிக் கணக்கேதான். ஒரு காரின் மூன்றாம் கியர் விகிதம் 1.4, நான்காம் கியர் விகிதம் 1.0, சிவப்புக் கோடு நிமிடத்துக்கு 7,200 சுழற்சி என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் கியரில் 6,800 சுழற்சியை அடைந்துவிட்டோம். எஞ்சின் இப்போது 130 நியூட்டன் மீட்டர் விசை தருகிறது என்றால், கியர்பெட்டியைத் தாண்டி வருவது 130 பெருக்கல் 1.4, அதாவது 182. இந்நொடியில் நான்காம் கியருக்கு மாறினால் எஞ்சின் சுழற்சி ஏறக்குறைய 4,860க்கு இறங்கும். அங்கே எஞ்சின் வலுவாக இழுத்து 160 தருகிறது; விகிதம் 1.0 என்பதால் வெளியே வருவதும் 160தான். எஞ்சினுக்கு அது வசதியான இடம், சக்கரத்துக்கோ நட்டம். எனவே மாற்றக் கூடாது. 7,000ஐத் தாண்டியதும் எஞ்சினின் விசை 110க்கு விழுந்துவிடுகிறது என்று கொண்டால், மூன்றாம் கியரில் கிடைப்பது 154. நான்காம் கியரில் இன்னமும் 160 காத்திருக்கிறது. இரண்டும் சமமாகும் அந்தப் புள்ளியைக் கடந்த நொடியே மாற்ற வேண்டிய நொடி. சில எஞ்சின்களில் சிவப்புக் கோடு வரும்வரை அந்தப் புள்ளி வருவதே இல்லை. அப்போது சிவப்புக் கோடுதான் எல்லை.

கீழ்க் கியர்களுக்கு இடையே விகித இடைவெளி அதிகம்; மேலே போகப் போகக் குறையும். ஆகவே முதல் கியரை ஏறக்குறைய கடைசிவரை இழுப்பது பயன் தரும். நான்கிலிருந்து ஐந்துக்குச் சற்று முன்னதாகவே மாறலாம். டர்போ பொருத்திய இன்றைய எஞ்சின்கள் வேறு குணம் கொண்டவை. 2,000 சுழற்சியிலேயே முழு விசையும் கிடைத்து, மேலே சீக்கிரம் தளர்ந்துவிடுவதால், சிவப்புக் கோடுவரை இழுப்பது பெரும்பாலும் வெறும் ஓசைதான். காரின் கையேட்டில் உச்ச விசை எந்தச் சுழற்சியில், உச்சத் திறன் எந்தச் சுழற்சியில் என்று இரண்டு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். சாதாரணப் பயணத்தில் முதல் எண்ணை ஒட்டியும் அதற்குக் கீழேயும் மாற்றினால் போதும். பந்தயத் தடத்தில் மட்டுமே இரண்டாம் எண்ணைத் தாண்ட வேண்டும். காலையில் கிளப்பியவுடன், எண்ணெய் சூடேறும் முன்பு, எதையுமே தாண்டக் கூடாது.

சிக்கனத்துக்காக மிக முன்னதாக மேல் கியருக்குச் சென்றுவிடுவோரும் உண்டு. ஏற்றத்தில் நான்காம் கியரில் 1,200 சுழற்சியில் ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தினால், எஞ்சின் உறுமுவதும் உடல் அதிர்வதும் சிக்கனத்தின் அடையாளம் அல்ல. தாங்கிகளின்மீது விழும் சுமை அது. பின்னாளில் மெக்கானிக்கின் கணக்கில் வரவு வைக்கப்படும்.

பணத்தைப் பற்றிய பேச்சு வந்ததால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூன்றிலிருந்து நான்குக்குப் போக நினைத்து, அவசரத்தில் கம்பியை இரண்டில் தள்ளிவிடும் தவறுக்கு ஓட்டுநர்களிடையே ‘மணி ஷிஃப்ட்’ என்றே பெயர். பணத்தைக் கரைக்கும் மாற்றம் என்பது பொருள். மேலே கண்ட காரில் இரண்டாம் கியர் விகிதம் 2.0 என்றால், 6,800இல் இந்தத் தவறு நேர்ந்து கிளட்சை விட்டவுடன் எஞ்சின் 9,700க்குத் துரத்தப்படும். சுழற்சியைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி எரிபொருளை நிறுத்தலாம். ஆனால் இப்போது எஞ்சினைச் சுழற்றுவது எரிபொருள் அன்று, சக்கரங்கள். வால்வும் பிஸ்டனும் மோதிக்கொண்டால் எஞ்சினையே மாற்ற வேண்டிவரும். இவ்வாறு ஏற்படும் இயந்திரக் கோளாறும், கிளட்ச் தேய்மானமும் வழக்கமான மோட்டார் காப்பீட்டில் அடங்குவதில்லை. கம்பியை முஷ்டியால் பிடிக்காமல் உள்ளங்கையால் மெல்லத் தள்ளப் பழகுவதே இதற்குக் காப்பீடு.

இனி அந்தமானுக்கு வருவோம். இங்கே மேலே மாற்றுவதைவிடக் கீழே மாற்றுவதுதான் பெரிய கலை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. இரண்டு பருவக்காற்றும் இத்தீவுகளை நனைக்கின்றன. பின்சக்கரங்களால் இயங்கும் ஸ்போர்ட்ஸ் காரில், ஈரமான வளைவுக்குள் நுழைந்த பிறகு கீழ்க் கியரைப் போட்டுக் கிளட்சைச் சட்டென்று விட்டால், பின்சக்கரங்களுக்குக் கைப்பிரேக் இழுத்தது போன்ற விளைவு ஏற்படும். வால் பக்கவாட்டில் போகும். முறையானது இது: வளைவுக்கு முன்பே, கார் நேராக இருக்கும்போதே பிரேக் இட்டு வேகத்தைக் குறைக்க வேண்டும். கிளட்சை அழுத்திக் கீழ்க் கியரைப் போடும் அந்த இடைவெளியில் ஆக்சிலரேட்டரை ஒரு முறை மெல்லத் தட்டி, எஞ்சின் சுழற்சியைப் புதிய கியருக்கு ஏற்ப உயர்த்திக்கொண்டு கிளட்சை விட வேண்டும். பந்தய ஓட்டுநர் வலது காலின் முன்பகுதியால் பிரேக்கையும் பக்கவாட்டால் ஆக்சிலரேட்டரையும் ஒரே நேரத்தில் இயக்குவது இதற்காகத்தான். நமக்கு அந்த வித்தை கைவர வேண்டியதில்லை. முன்கூட்டியே செய்துவிட்டால் போதும்.

இதை நான் நூலில் படித்து அறியவில்லை. இங்கு மாற்றலாகி வந்த முதல் ஆண்டில், சாத்தமிலிருந்து வாகனப் படகில் பாம்பூ ஃபிளாட்டுக்குக் கடந்து, மவுண்ட் ஹாரியட் என்று முன்பு அழைக்கப்பட்டு 2021இல் மணிப்பூர் மலை எனப் பெயர் மாற்றப்பட்ட குன்றுக்குக் குடும்பத்தோடு சென்றோம். வயதில் மூத்த அலுவலக நண்பர் ஒருவர் வழிகாட்டியாக முன்னிருக்கையில் அமர்ந்திருந்தார். இறங்கும்போது, பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று நான் காரை நியூட்ரலில் விட்டேன். என் தந்தை காலத்திலிருந்து வந்த வழக்கம் அது. பாதி வழியில் கருகிய வாடை வந்தது. பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. அடுத்த வளைவுக்கு முன் மறுபடி அழுத்தினேன், இன்னும் ஆழம். பின்னிருக்கையில் குழந்தைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். “நியூட்ரல் வேண்டாம் சார். மூன்றில் போடுங்கள், பிறகு இரண்டு. எஞ்சினை வேலை செய்ய விடுங்கள்” என்று நண்பர் குரலை உயர்த்தாமல் சொன்னார். இரண்டாம் கியரில் எஞ்சின் கத்தியது. கார் கட்டுக்குள் வந்தது. சற்று அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் காத்திருந்தோம். குழந்தைகளுக்கு இன்றுவரை காரணம் தெரியாது.

நடந்தது என்ன? தொடர்ந்து உராய்ந்த பிரேக் கட்டைகள் சூடேறிப் பிடிப்பை இழந்தன. சூடு பிரேக் எண்ணெய்க்கும் பரவி, அது கொதித்துக் குமிழிகள் தோன்றின. திரவம் சுருங்காது, குமிழி சுருங்கும். அதனால்தான் மிதி பள்ளத்தில் இறங்கியது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் கூடினால் அதன் கொதிநிலை குறையும். கடல்காற்று சூழ்ந்த தீவுகளில் வாழும் நாம், கையேடு குறிப்பிடும் காலத்தில் அதை மாற்றாமல் தள்ளிப்போடக் கூடாது. பெட்ரோல் மிச்சம் என்ற எண்ணமும் தவறு. கார்புரேட்டர் காலத்தில் அதற்குச் சிறிது பொருள் இருந்தது. இன்றைய எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் அறவே நின்றுவிடுகிறது. நியூட்ரலிலோ, எஞ்சின் நின்றுபோகாதிருக்கச் சிறிதேனும் எரிந்துகொண்டே இருக்கும். நான் மிச்சப்படுத்தவில்லை, செலவழித்துக்கொண்டு ஆபத்தையும் வாங்கியிருக்கிறேன். ஏறிய கியரிலேயே இறங்கு என்று லாரி ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான்.

அந்தமான் பெருவழிச் சாலையில் செல்வோருக்கும் இது பொருந்தும். ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து மிடில் ஸ்ட்ரெயிட் படகுத்துறை வரை சுமார் 49 கிலோமீட்டர், ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்தின் வழியே வாகனங்கள் அணியாகத்தான் செல்ல வேண்டும். முந்தக் கூடாது, நிற்கக் கூடாது, 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. முன்னே பேருந்து, பின்னே லாரி. இங்கு ஸ்போர்ட்ஸ் காருக்கும் சிறிய காருக்கும் வேறுபாடு இல்லை. மூன்றாம் கியரும் இரண்டாம் கியருமே பயணம் முழுவதும். கிளட்சைப் பாதி அழுத்தியபடி ஊர்ந்தால் அது கருகும். முன்வண்டியோடு இடைவெளி விட்டு, இரண்டாம் கியரில் கிளட்சை முழுதும் விட்டு ஓட்டுவதே நன்று.

இளைஞரிடம் இவற்றைச் சொன்னபின், அதிகாரி என்ற முறையில் மூன்று செய்திகளையும் சொன்னேன். தனியார் காருக்கான வழக்கமான காப்பீடு, ஒழுங்குசெய்யப்பட்ட பந்தயத்திலோ வேகச் சோதனையிலோ காரைப் பயன்படுத்துவதை ஏற்பதில்லை. தடத்தில் கார் நொறுங்கினாலும் வங்கியின் மாதத் தவணை நிற்காது. அதே காப்பீடு சாலை, ரயில், உள்நாட்டு நீர்வழி, விமானம் ஆகியவற்றில் கார் எடுத்துச் செல்லப்படுவதைக் குறிப்பிடுகிறது, கடல்வழியைக் குறிப்பிடுவதில்லை. எனவே சென்னையிலிருந்து கப்பலில் ஏற்றும்போது கடல் சரக்குக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கு வைத்திருப்பதானால் தமிழ்நாட்டில் தடையில்லாச் சான்று பெற்று இங்கே மறுபதிவு செய்ய வேண்டும்; கடன் உள்ள வண்டி என்பதால் அதற்கு வங்கியின் ஒப்புதலும் தேவை.

அவர் அனைத்தையும் குறித்துக்கொண்டார். “அப்படியானால் ஐந்தாவது கியர்?” என்று மறுபடியும் கேட்டார். விமான நிலையச் சாலையில் விடியற்காலையில் ஒரு நிமிடம் போட்டுப் பார்க்கலாம் என்றேன். விண்ணப்பம் இப்போது பரிசீலனையில் உள்ளது. கார் வந்து சேர்ந்ததும் முதல் பயணம் மணிப்பூர் மலைக்கு என்றும், இறக்கத்தில் நான் பக்கத்தில் அமர வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். பிரேக் எண்ணெயை மாற்றிய ரசீதைக் காட்டினால் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.