சாண்ட்விச்சுக்கு வெளியே வெண்ணெயா, மயோனைஸா?

சீஸ் சாண்ட்விச் வாட்டும்போது பிரெட்டின் வெளிப்பக்கத்தில் வெண்ணெய் தடவுவதுதான் வழக்கம். அதற்குப் பதிலாக மயோனைஸ் தடவலாம் என்று யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நியூயார்க்கில் ப்ரூன் என்ற உணவகத்தை நடத்திய கேப்ரியல் ஹாமில்டனின் செய்முறையும் இதுதான். வரதய்யபாளையத்தில் ஓர் அடுப்பையும் ஒரு தோசைக்கல்லையும் வைத்துக்கொண்டு, ஸ்ரீசிட்டி ஷிப்டுக்கு நேரமாகிறதே என்று பரபரக்கும் உங்களுக்கு இது உதவுமா? உதவும். ஆனால் எந்த மயோனைஸ் என்று பார்த்து வாங்க வேண்டும்.

முதலில், மயோனைஸ் என்பது என்ன? ஷவர்மாவுக்கும் மோமோவுக்கும் தொட்டுக்கொள்ளத் தருகிறார்களே, அந்த வெள்ளை விழுதுதான். எண்ணெயோடு முட்டையின் மஞ்சள் கருவையும் கொஞ்சம் வினிகரையும் சேர்த்து அடித்துச் செய்யும் பால்மம் (எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் சேர்ந்து நிற்கும் கலவை) அது. முட்டை சேராத வகையில் பால் புரதமோ சோயா புரதமோ மாவுப்பொருளோ மஞ்சள் கருவின் வேலையைச் செய்யும்.

சூடான கல்லில் பட்டால் அது திரிந்து எண்ணெய் பிரியாதா? பிரியும், பிரியவும் வேண்டும். தண்ணீர் ஆவியாகப் போய்விடும். எண்ணெய் பிரெட்டைச் சீராக வறுக்கும். மயோனைஸில் உள்ள புரதம் சிவந்து, மேலே மொறுமொறுப்பான ஏடு கட்டும்.

அப்படியானால் வெண்ணெயில் என்ன குறை? கடையில் விற்கும் டேபிள் பட்டரில் 80 சதவீதம் பால் கொழுப்பு இருக்கும். 16 சதவீதம் வரை தண்ணீர் இருக்கலாம். மீதி உப்பும் பாலின் திடப்பொருளும். வெண்ணெய்க்கு அந்த மணத்தைத் தருவதில் இந்தத் திடப்பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. முதலில் கருகுவதும் அதுதான். தீ கொஞ்சம் கூடினால், உள்ளே சீஸ் இளகுவதற்குள் வெளியே கரும்புள்ளி விழுந்துவிடும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த வெண்ணெய் கட்டியாக இருப்பதால், தடவும்போது பிரெட் பிய்ந்துவிடும். நம் ஊர் மே மாத வெயிலில் வெளியே வைத்தாலோ உருகி ஓடி, பிரெட்டின் ஒரே இடத்தில் ஊறிவிடும். மயோனைஸை ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த கையோடு ஓரம் வரை மெல்லிசாகத் தடவலாம். தடவிய இடத்திலேயே நிற்கும்.

சாண்ட்விச் புளிக்காதா என்று கேட்பீர்கள். மெல்லிசாகத் தடவினால் வினிகர் வாசனை சூட்டிலேயே பெரும்பாலும் போய்விடும். ஆனால் வெண்ணெயின் மணம் மயோனைஸில் வராது. அந்த மணமும் வேண்டுமென்றால், பிரெட்டில் மயோனைஸ் தடவி, கல்லில் சிறு துண்டு வெண்ணெய் போட்டு வாட்டுங்கள்.

நெய் இருக்கும்போது இது எதற்கு? நியாயமான கேள்வி. நெய்யில் தண்ணீரும் பால் திடப்பொருளும் அநேகமாக இல்லாததால் எளிதில் கருகாது, வெளியே வைத்தாலும் கெடாது. உங்கள் அறையில் ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் நெய்யே நல்லது. திறந்த மயோனைஸைக் குளிரில்தான் வைக்க வேண்டும்.

இனி முக்கியமான விஷயம். பச்சை முட்டையில் செய்த மயோனைஸை வைத்துப் பல மாநிலங்களில் சிக்கல் எழுந்திருக்கிறது. கேரளம் 2023 ஜனவரியில் அதைத் தடை செய்தது. தெலங்கானா 2024 அக்டோபர் இறுதியில் ஓராண்டுக்குத் தடை விதித்தது. தமிழ்நாடு, 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் கீழ், 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது.

காரணம், பச்சை முட்டையில் சால்மொனெல்லா (காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் பாக்டீரியா) இருக்கக்கூடும். மயோனைஸைச் சமைப்பதில்லை என்பதால் அது சாகாமல் அப்படியே வயிற்றுக்குள் போகும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் முதியவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

நாம் இருப்பது ஆந்திராவின் திருப்பதி மாவட்டம், தமிழ்நாட்டு ஆணை நமக்கு எதற்கு என்று தோன்றலாம். சட்டப்படி அந்த ஓராண்டு ஆணை, தடாவைத் தாண்டித் தமிழ்நாட்டின் ஆரம்பாக்கம் போனால்தான் செல்லுபடியானது. ஆனால் அதற்குச் சொன்ன காரணம் இந்தப் பக்கத்து முட்டைக்கும் பொருந்தும்.

‘கல்லில்தான் வாட்டுகிறோமே, கிருமி செத்துவிடாதா?’ வெளிப்பக்கம் தடவியது கல்லில் நன்றாகச் சிவந்தால் செத்துவிடும். உள்ளே தடவியதை அப்படி நம்ப முடியாது. சீஸ் 60 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டிலேயே இளகத் தொடங்கிவிடும். முட்டைப் பண்டத்துக்கோ 71 டிகிரி சூடு வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அளவு. சீஸ் உருகியதை வைத்துக் கிருமி செத்தது என்று முடிவுகட்டாதீர்கள். தடவிய கரண்டியிலும் கிண்ணத்தில் மிஞ்சியதிலும் கிருமி இருக்கலாம்.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது? பாக்கெட்டில் பச்சை வட்டம் இருந்தால் முட்டை இல்லாதது. பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். முட்டை சேர்ந்த மயோனைஸுக்கு இந்தக் குறிதான் இருக்கும். முட்டை சேர்ந்ததை வாங்கினால், பாஸ்டரைஸ் செய்த (கிருமி சாகும் அளவுக்கு மிதமாகச் சூடாக்கிய) முட்டை என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூடியைத் திறந்த பிறகு எத்தனை நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பதையும் படியுங்கள். தள்ளுவண்டியில் பெயரில்லாத டப்பாவில் இருக்கும் மயோனைஸ் வேண்டாம்.

முட்டை இல்லாத வகையை வாட்டும்போது ஒரு கவனம் வேண்டும். அதில் எண்ணெய் குறைவாகவும் தண்ணீர் கூடுதலாகவும் இருப்பது உண்டு. சர்க்கரையும் சேர்த்திருப்பார்கள். தண்ணீர் வற்றும் வரை பிரெட் வெளுப்பாகவே இருக்கும், பிறகு சர்க்கரையால் சட்டென்று சிவக்கும். அதனால் அடுப்பை விட்டு நகராதீர்கள்.

செய்முறை இதுதான். இரண்டு பிரெட் துண்டுகளுக்கும் ஒரு பக்கம் மட்டும், துண்டுக்கு ஒரு டீஸ்பூன் மயோனைஸ் தடவுங்கள். தடவிய பக்கம் கல்லில் படும்படி ஒரு துண்டை வைத்து, மேலே சீஸை வைத்து, மற்ற துண்டால் தடவிய பக்கம் வெளியே தெரியும்படி மூடுங்கள். கல் மிதமாகக் காய்ந்திருந்தால் போதும். தீயைக் குறைத்து ஒரு தட்டால் மூடிவைத்தால் சீஸ் சீக்கிரம் இளகும். அடிப்பக்கம் பொன்னிறமானதும் திருப்பிப் போடுங்கள். மயோனைஸிலும் சீஸிலும் உப்பு இருப்பதால் தனியே உப்பு வேண்டாம்.

உப்பலமடுகு அருவிக்குப் போகும்போது கட்டிக்கொண்டு போகலாமா? வாட்டியதை உடனே சாப்பிடுவதுதான் நல்லது. 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால், கெடக்கூடிய உணவை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது என்பது அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை. வெயில் நாளில் அருவிக்குப் புளியோதரை கொண்டுபோங்கள்.

மயோனைஸ் உடம்புக்கு இலகுவா? இல்லை. முட்டை சேர்ந்த முழுக் கொழுப்பு மயோனைஸ் ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 100 கலோரி, வெண்ணெயிலும் அவ்வளவுதான். வெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு (அறைச் சூட்டில் உறையும் வகை) கூடுதல். மயோனைஸில் அது எந்த எண்ணெய் என்பதைப் பொறுத்து மாறும். எதைத் தடவினாலும் அளவு துண்டுக்கு ஒரு டீஸ்பூனைத் தாண்ட வேண்டாம்.

முடிவாக ஒன்று: கருகாத, சீரான மொறுமொறுப்புக்கு மயோனைஸ், மணத்துக்கு வெண்ணெய், ஃப்ரிட்ஜ் இல்லாத அறைக்கு நெய். பச்சை முட்டையை வீட்டில் அடித்துச் செய்யும் மயோனைஸை மட்டும் விட்டுவிடுங்கள்.