சொட்டாங்கல் பிடித்த கை

அக்கா மகன் ஒன்றாம் வகுப்பு. நாலு கோடு நோட்டில் 'இ' எழுத உட்கார்ந்தால் வீடு ரணகளமாகிவிடும். பென்சிலை உலக்கை மாதிரி பிடிப்பான். அழுத்துகிற அழுத்தில் முனை உடையும், தாள் கிழியும். இரண்டாவது வரியிலேயே "கை வலிக்குதும்மா" என்று மேசையில் சாய்ந்துவிடுவான். "எல்லாம் சோம்பேறித்தனம்" என்பாள் அக்கா. நானும் தலையாட்டியவன்தான்.

ஆனால் கை நிஜமாகவே வலிக்கும். பெரியவர்களின் மணிக்கட்டில் இருக்கும் 8 சிற்றெலும்புகளும் பிறந்த குழந்தைக்குப் பெரும்பாலும் வெறும் குருத்தெலும்புதான். அவை வருடக்கணக்கில் ஒவ்வொன்றாக இறுகுகின்றன. கடைசி எலும்பின் முறை வர 8 வயதாவது ஆகும். வரைவதும் படிப்படியாகத்தான்: 3 வயதில் வட்டம் போட வரும், 4-ல் கூட்டல் குறி, 5-ஐ ஒட்டிச் சதுரமும் முக்கோணமும். சாய்சதுரத்துக்கு 6, 7 வயது ஆகிவிடும். நம் 'ஞ'வும் 'ஐ'யும் சாய்சதுரத்துக்கு அண்ணன்கள். அவற்றை எல்.கே.ஜி.யிலேயே பக்கம் பக்கமாக எழுதச் சொல்கிறோம்.

இன்னொன்று, உடல் கட்டுப்பாடு நடுவிலிருந்துதான் நுனிக்குப் போகும். முதலில் முதுகு, பிறகு தோள், முழங்கை, கடைசியில்தான் விரல். தோள் நிலைக்காத பிள்ளை மேசைமேல் சரியத்தான் செய்யும். அதற்கு மருந்து நோட்டில் இல்லை. மரம் ஏறுவதிலும் கம்பியில் தொங்குவதிலும் இருக்கிறது.

விரலுக்கு? எங்கள் அப்பத்தா திண்ணையில் சொட்டாங்கல் ஆடுவதை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு கல்லை மேலே வீசி, அது இறங்குவதற்குள் கீழே கிடப்பதை அள்ளி, வீசியதையும் பிடிக்க வேண்டும். கண் மேலே, விரல் கீழே. ஏற்கெனவே எடுத்த கற்களை மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கையில் பொத்திக்கொள்ளும். கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் அடுத்த கல்லைத் தேடிப் போகும். ஒரே கையில் பாதி காவல், பாதி வேட்டை. பென்சில் பிடிக்கும் கையும் இதேதான்: இரண்டு விரல் மடங்கித் தாங்க, மூன்று விரல் எழுதும். பல்லாங்குழியில் கைநிறையப் புளியங்கொட்டையை அள்ளி, குழிக்கு ஒன்றாக நழுவவிடுவதும் இந்த வித்தைதான்.

இந்த ஆட்டங்களை நாம் கொடுத்த விதத்தில் ஒரு குறை உண்டு. சொட்டாங்கல் பொம்பளைப் பிள்ளைகளுக்கு, பம்பரம் ஆம்பளைப் பசங்களுக்கு என்று பிரித்து, இரண்டு பக்கத்துக்கும் பாதியைத்தான் கொடுத்தோம்.

இப்படி விரலை முதலில் பழக்கிய கல்வியாளர் மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி, குழந்தைகளை விரலால் தடவச் சொன்னவர். பித்தான் போடவும் முடிச்சுப் போடவும் பழகத் தனியாகச் சட்டங்கள் வைத்திருந்தார். 1939-ல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மணலில் விரலால் எழுதிப் பழகிய திண்ணைப் பள்ளி நாட்டுக்கு உப்புத்தாள் எழுத்து ஒன்றும் அந்நியமில்லை.

வீட்டில் செய்ய நிறைய இருக்கிறது. பட்டாணி உரிக்கட்டும், சப்பாத்தி மாவு பிசையட்டும், கைக்குட்டையைப் பிழிந்து கிளிப் போடட்டும். நீள பென்சிலைவிட உடைந்த சாக்பீஸ் துண்டு நல்லது. அதை முஷ்டியில் பிடிக்க முடியாது, விரல் நுனிக்கு வந்தே தீரும். சுவரில் கிறுக்கினால் மணிக்கட்டு தானாகப் பின்னால் வளைந்து எழுதும் நிலைக்கு வரும். வாடகை வீடென்றால் சுவரில் ஒரு கரும்பலகை.

விரலோடு முழு உடம்பும் ஆட வேண்டும். 5 வயதிலிருந்து தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்ளும் ஊரில் அதை எங்கே போய்த் தேடுவது?

சில பிள்ளைகளுக்கு விளையாட்டு மட்டும் போதாது. 6 வயதிலும் அடிக்கடி தடுக்கி விழுந்தால், பித்தான் போட முடியாமல் திணறினால், பந்தென்றாலே ஒதுங்கினால், குழந்தை மருத்துவரைப் பார்ப்பது நல்லது. பள்ளி வயதில் 100 பேரில் 5, 6 பேருக்கு இப்படி அசைவுகளை ஒருங்கிணைப்பதில் சிக்கல் உண்டு. அடியும் திட்டும் அதைச் சரிசெய்யாது. அன்றாடச் செயல்களைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி உதவும்.

அக்கா மகனுக்கு ஆற்றுக் கூழாங்கல் ஐந்து கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டிரண்டாக அள்ளும் ஆட்டத்தில் இன்னும் தடுமாறுகிறான். போன ஞாயிறு ஒரு கல் கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது. தவழ்ந்து உள்ளே போனான். "அதுவும் தோளுக்குப் பயிற்சிதான்" என்றேன். அவன் சட்டையில் ஒட்டிய ஒட்டடையைப் பார்த்துவிட்டு அக்கா என்னை முறைத்தாள்.