எஞ்சின் நீர் குறைவது ஏன்?

வீடும் ஊர்தியும் ஒன்றாய் அமைந்த வண்டியைக் கேம்பர் வான் என வழங்குவர். படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி ஆகியன அதனுள்ளேயே அமைந்திருக்கும். இவ்வகையிற் புகழ்பெற்றது வோக்ஸ்வாகன் நிறுவனத்தார் 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட மூன்றாந் தலைமுறை வான். ஜேர்மனியின் ஹனோவர் நகரத் தொழிற்சாலையில் அது உருவாயிற்று. முதலிற் காற்றினாற் குளிரும் எஞ்சினைப் பெற்றிருந்த அவ்வண்டிக்கு 1982இல் நீரினாற் குளிரும் நான்கு சிலிண்டர்ப் பெற்றோல் எஞ்சின் வந்து சேர்ந்தது. அவ்வண்டிகள் பல இன்றும் பேணப்பட்டு ஓடுகின்றன. அவற்றை முதுமையில் வருத்தும் நோய்களுள் ஒன்று, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ற் எனும் நீர்மம் சிறிது சிறிதாகக் குறைதல்.

தமிழ் கற்பிக்கும் எமக்கு எஞ்சினோடு என்ன வேலை என அன்பர் சிலர் நகைத்தல் கூடும். ஐயத்தை ஒழுங்காகத் தீர்க்கும் முறை எத்துறைக்கும் பொதுவாதலின், அதனை விளக்க இதனினும் நல்ல எடுத்துக்காட்டை யாம் காணவில்லை.

முதலில் வண்டியின் அமைப்பை அறிதல் வேண்டும். எஞ்சின் வண்டியின் பின்புறத்திலும், றேடியேற்றர் முன்புறத்திலும் உள்ளன. இரண்டையும் இணைக்கும் நீண்ட குழாய்கள் தரைத்தட்டின் கீழே செல்கின்றன. ஆதலால் இவ்வெஞ்சினுக்கு 16 இலீற்றருக்குக் குறையாத கூலன்ற் வேண்டும். பாதை நீண்டதாதலின் பொருத்துக்களும் பல. பொருத்துக்கள் பலவாதலின் கசியத்தக்க இடங்களும் பல.

குறையுந்தோறும் பச்சைத் தண்ணீரை ஊற்றி ஓட்டிவிடலாம் என்பர் சிலர். சிறு கணக்கொன்று அதன் தீமையைக் காட்டும். வாரந்தோறும் 200 மில்லிலீற்றர் குறைகிறது எனக் கொள்வோம். ஓராண்டில் அது 10 இலீற்றரைக் கடக்கும். கூலன்ற் என்பது நீருடன், உறைதலையும் அரிப்பையும் தடுக்கும் பொருள்களைச் சரிபாதியாகச் சேர்த்த கலவை. கசிவது கலவை, ஊற்றுவது வெறும் நீர். ஆண்டு முடிவில், பாதியாயிருந்த தடுப்புப் பொருள் ஏறக்குறையக் காற்பங்காகிவிடும். அந்நிலையில் அலுமினியத்தாலான சிலிண்டர்த் தலைகளை அரிப்புப் பற்றும். அரித்த இடத்தில் கசிவு பெருகும். மருந்தென எண்ணி ஊற்றியதே நோயை வளர்ப்பதாகும்.

எனவே முதற்பணி அளத்தல். எஞ்சின் நன்றாக ஆறியபின், சமதரையில் வண்டியை நிறுத்தி, நீர்மட்டத்தைக் குறித்து வைத்தல் வேண்டும். ஊற்றிய அளவையும் ஓடிய தூரத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருக. குறைவு ஓட்டத்தோடு கூடுகிறதா, நிறுத்தி வைத்தபோதும் நிகழ்கிறதா என்பதை அவ்வேடே உரைக்கும். அண்மையிற் கூலன்ற் மாற்றிய வண்டியாயின், உள்ளே சிக்கிய காற்று வெளியேறுவதாலும் மட்டம் இறங்கும். வண்டியின் முன்புறத்தை உயர்த்தி, றேடியேற்றரின் மேலுள்ள திருகைத் தளர்த்திக் காற்றைப் போக்கியபின்னரே கசிவென்று ஐயுறுதல் முறை.

இரண்டாவது, எளியதை முதலிற் சோதித்தல். எஞ்சின் அறையிலுள்ள விரிவுத் தொட்டியின் மூடி, ஏறக்குறைய 1 பார் அளவு வரை அமுக்கத்தைத் தாங்கி நிற்பது. அவ்வமுக்கத்தில் நீர் 120 பாகை செல்சியசு வரை கொதியாது. மூடியின் இறப்பர் தேய்ந்தால் அமுக்கம் நில்லாது; கூலன்ற் ஆவியாகிப் போகும். இலக்கத் தகட்டின் பின்னேயுள்ள மேலதிகத் தொட்டிக்கு இத்தொட்டியினின்று ஒரு சிறு குழாய் செல்கிறது. சூட்டினால் விரிந்த நீர் அங்கே சென்று, ஆறியபின் திரும்புதல் வேண்டும். அக்குழாயில் வெடிப்பிருந்தால் நீருக்குப் பதிலாகக் காற்றே உட்புகும். சிறு செலவில் மாற்றத்தக்க இவ்விரண்டையும் நோக்காது எஞ்சினைப் பிரித்தல் அறிவுடைமையன்று.

மூன்றாவது, கண்ணும் மூக்கும் கொண்டு ஆராய்தல். தரையில் துளி விழாமையால் கசிவில்லை எனக் கருதலாகாது. சூடான எஞ்சினில் விழுந்த துளி அங்கேயே வற்றிவிடும். ஆயினும் நிறமுள்ள உப்புப் படிவு எஞ்சியிருக்கும். இறப்பர்க் குழாய்களின் பிடிவளையங்கள், தரைக்கீழ்க் குழாய்களின் முனைகள், நீர்ப்பம்பியின் அடித்துளை ஆகிய இடங்களில் அப்படிவைத் தேடுக. பம்பியின் உள்ளடைப்புத் தேய்ந்ததை அறிவிக்கவே அத்துளை அமைந்துள்ளது. அதனை அடைத்தல் தவறு. வண்டியினுள்ளே இனிய மணம் வீசினும், முன்கண்ணாடியில் நெய்ப்பசையுள்ள மூட்டம் படினும், வெப்பமூட்டும் பெட்டியை ஐயுறுக. பின்னிருக்கையின் கீழும் அத்தகைய பெட்டி ஒன்று இருத்தல் உண்டு. அதனைப் பலர் மறந்துவிடுவர்.

நான்காவது, அமுக்கச் சோதனை. எஞ்சின் குளிர்ந்திருக்கையில், அளவுமானி பொருத்திய கைப்பம்பியை மூடியின் இடத்தில் அமைத்து, மூடிக்குரிய அமுக்கம் வரை காற்றை ஏற்றுக. முள் இறங்குமாயின் எங்கோ வழியுண்டு. சில பொருத்துக்கள் குளிரிற் சுருங்கும்போது மட்டும் கசியும். சில, சூட்டில் விரியும்போது மட்டும் கசியும். ஆதலின் இரு நிலையிலும் நோக்குதல் நன்று.

இவ்வெஞ்சினுக்கே உரிய குறையொன்று உண்டு. சிலிண்டர்த் தலைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே நீரைத் தடுத்து நிற்பது ஓர் இறப்பர் அடைப்பு. எரிவாயுவைத் தடுப்பது வேறொரு உலோக வளையம். தலையின் கீழ்விளிம்பில் ஈரமோ படிவோ தோன்றின், இறப்பர் அடைப்பின் அருகே உலோகம் அரிக்கப்பட்டிருத்தல் கூடும். இதனைத் தவிர்க்கவே பொசுபேற்று இல்லாத கூலன்றைப் பயன்படுத்துமாறு கூறுவர்.

உலோக வளையம் தவறினால் நிலைமை வேறு. எரிவாயு கூலன்றினுட் புகும். எஞ்சினை இயக்கிய சில நிமிடங்களிலேயே குழாய்கள் விறைக்கும். தொட்டியிற் குமிழிகள் இடைவிடாது எழும். தொட்டியின் வாயிலிருந்து வரும் வாயுவை நீலநிறச் சோதனை நீர்மத்தினூடே செலுத்தினால், காபனீரொட்சைட்டு இருப்பின் அது மஞ்சளாகும். இச்சோதனை மெய்யெனக் காட்டினால் வண்டியை ஓட்டாது நிறுத்துதலே தக்கது. எண்ணெய் மூடியின் உள்ளே வெண்ணிறப் பசை கண்ட அளவில் அஞ்சிவிட வேண்டா. குளிர்நாடுகளிற் குறுந்தூரமே ஓடும் வண்டிகளில் ஈரம் படிவதாலும் அது தோன்றும்.

எச்சரிக்கை மூன்று கூறுவோம். சூடான தொட்டியின் மூடியைத் திறத்தலாகாது. பீறிட்டெழும் கொதிநீர் முகத்தைச் சுட்டுவிடும். கசிவை அடைக்கும் பொடிகளை நம்பி ஊற்றலாகாது. அவை வெப்பமூட்டும் பெட்டியின் நுண்குழாய்களையும் அடைத்துவிடும். கூலன்றில் உள்ள எதிலீன் கிளைக்கோல் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. குழந்தைகளுக்கும் நாய் பூனைகட்கும் எட்டாதவாறு அதனை வைத்தல் வேண்டும்.

அளத்தல், எளியதினின்று தொடங்கல், ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றல், கண்டதை எழுதல் ஆகிய இந்நான்கும் கைவரப்பெற்றவர்க்கு மறைந்த கசிவு நெடுநாள் மறைந்திராது. ஆய்கூடத்தில் இவற்றைப் பயிலும் மாணவர் பரீட்சையோடு மறந்துவிடாது, வீட்டுக் கிணற்றுப் பம்பி பழுதுறும் நாளிலும் கையாள்வாராக.